தோற்ற சோதனை குற்றவாளி அல்ல

சித்தூர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். அங்கிருந்து திருப்பதி போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் அச்சிட ஒரு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எந்த மொழியில் அச்சிடுவது என்ற விவரம் ஒரே ஒரு ஆப்ஜெக்டில் இருக்கிறது. மென்பொருள் முழுவதற்கும் அது ஒன்றுதான். இரண்டாவதை உருவாக்க வழியில்லை. இந்த வடிவத்துக்குப் பெயர் சிங்கிள்டன். 1994-ல் நால்வர் சேர்ந்து எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகம் இதைப் பரவலாக்கியது.

இதற்கு இரண்டு தானியங்கிச் சோதனைகள். ஒன்று, மொழியைத் தெலுங்குக்கு மாற்றிவிட்டு, டிக்கெட் தெலுங்கில் வருகிறதா என்று பார்க்கும். மற்றது எதையும் மாற்றாது. தொடக்கத்தில் இருந்த தமிழிலேயே வரும் என்று எதிர்பார்க்கும். தனித்தனியே ஓட்டினால் இரண்டும் பாஸ். தெலுங்குச் சோதனை முந்திக்கொண்டாலோ, மாற்றிய மொழியை யாரும் திருப்பி வைக்காததால், தமிழ்ச் சோதனை ஃபெயில். டிக்கெட் அச்சிடும் நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை!

சிவப்பு காட்டுவது பாதிக்கப்பட்ட சோதனை. காரணமான சோதனை பச்சை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆய்வாளர்கள் முன்னதைப் ‘பலியாள்’ என்றும் பின்னதை ‘மாசுபடுத்தி’ என்றும் அழைக்கிறார்கள். இதற்கு நேர்மாறான வகையும் உண்டு: இன்னொரு சோதனை முன்னால் ஓடியிருந்தால் மட்டுமே அது பாஸாகும்.

வரிசை எப்படி மாறும்? 2011-ல் ஜாவா 7 வந்தபோது, ஒரு கிளாஸில் உள்ள மெத்தட்களை அது பட்டியலிடும் வரிசை நிலையில்லாமல் போனது. ஜாவா சோதனைகளை ஓட்டும் கருவியான ஜேயூனிட் அந்த வரிசைப்படியே அவற்றை ஓட்டிவந்தது. அதுவரை ஒழுங்காகப் பாஸான பல சோதனைகள் விழத் தொடங்கின. 2012-ல் வந்த ஜேயூனிட் 4.11 வரிசையை மறுபடி நிலைப்படுத்தியது. சோதனைகளுக்கு இடையே இருந்த பிணைப்போ அப்படியே தங்கிவிட்டது.

அப்பாச்சியின் 51 திட்டங்களை அலசிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நிரல் மாறாமலே ஒருமுறை பாஸாகி மறுமுறை ஃபெயிலாகும் நிலையற்ற சோதனைகளுக்குச் செய்த திருத்தங்களில், காரணம் தெரிந்தவற்றுள் சுமார் 12 சதவீதம் இந்த வரிசைச் சிக்கல்தான். எல்லா வரிசையையும் ஓட்டிப் பார்த்துவிடவும் முடியாது: பத்தே சோதனைகளை 36,28,800 விதமாக அடுக்கலாம்.

ஆகவே சிங்கிள்டனை விட்டுவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் புதிய ஆப்ஜெக்டைக் கையில் கொடுத்துவிடுவதே சரியான வைத்தியம். கூடவே தினமும் வரிசையைக் கலைத்துப்போட்டு ஓட்டினால், மறைந்திருக்கும் பிணைப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். விழுந்த சோதனையை மறுபடி ஓட்டி, பச்சை வந்ததும் நிம்மதியாகிவிடுவது பலருக்குப் பழக்கம். பலியாளைப் பொறுத்தவரை அந்தப் பச்சைக்கு ஒரே அர்த்தம்தான்: இந்த முறை மாசுபடுத்தி முந்தவில்லை.