சொல்லிவிட்டுப் போன ஷூமேக்கர்... சொல்லாமல் இறங்கும் கம்பம் பள்ளத்தாக்குச் சாரதிகள்!

கம்பம் பள்ளத்தாக்கில் 'பந்தயம்' என்று சொன்னால் காரோ பைக்கோ யாருக்கும் ஞாபகம் வராது. மாட்டு வண்டிதான். கோயில் திருவிழா, பொங்கல், தலைவர் பிறந்தநாள் என ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் போதும். கம்பம், கூடலூர், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்துச் சாலைகளில் விடிவதற்குள் ஆட்கள் கூடிவிடுவார்கள். தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று மாட்டின் வயதையும் உருவத்தையும் வைத்துப் பிரிவு பிரிவாக ஓட விடுவார்கள். பிரிவுக்குப் பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, நல்ல ரசிகர். குருவி பறப்பதுபோலத்தான் அந்தச் சின்ன மாடுகள் பறக்கும்.

கொங்குப் பக்கம் ரேக்ளா என்றால் 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்கோட்டில் விட்டு, நொடிக்கணக்குப் பார்ப்பார்கள். இங்கே அப்படியில்லை. மைல் கணக்கில் தார்ச்சாலையில் போய், எல்லையைத் தொட்டு, அதே சாலையில் திரும்ப வேண்டும். போகும்போது கடைசியில் இருந்த வண்டி, வரும்போது முதலில் வருவது உண்டு. அதற்குக் காரணம் பாதி மாடு, மீதி சாரதி.

ஆம், வண்டியில் ஏறிக் கயிற்றைப் பிடிப்பவருக்கு இங்கே பெயர் 'சாரதி'. அர்ச்சுனனுக்குத் தேர் ஓட்டிய கண்ணனை எந்தச் சொல்லால் அழைக்கிறோமோ அதே சொல். எந்த இடத்தில் மாட்டை அடக்கிப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் கயிற்றைத் தளர்த்த வேண்டும், திருப்பத்தில் பக்கத்து வண்டிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. எல்லையில் வண்டியைத் திருப்பும் அந்தச் சில நொடிகளைப் பார்ப்பதற்காகவே புறப்படும் இடத்தை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கும் கூட்டம் உண்டு. விவரம் தெரிந்த கூட்டம் அதுதான்.

ஆனால், ஒலிபெருக்கியைக் கேட்டுப் பாருங்கள். மாட்டுக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும்தான் காது கிழிய வரும். மறுநாள் பத்திரிகையிலும் அதேதான். இன்ன ஊர் இன்னாருடைய வண்டி முதல் பரிசு. ஓட்டியவர் பெயரைத் தேடினால் பல நேரம் கிடைக்காது. அவர் பெயரைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் ரசிகர்கள் மட்டும்தான். அதனால், ஒரு பெரிய சாரதி பந்தயத்தை விட்டு விலகும்போது யாருக்கும் அது செய்தியாக இருப்பதில்லை. அடுத்த பந்தயத்தில் அந்த வண்டியில் வேறு ஆள் நிற்பார். கூட்டத்தில் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் பிரிவுபசாரம்.

ஒரே பந்தயம், இரண்டு விடைபெறல்

உலகத்தின் பெரிய பந்தயங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். 2006 செப்டம்பர் 10 அன்று இத்தாலியின் மோன்சாவில் ஃபெராரி காரில் ஜெயித்துவிட்டு வந்த மைக்கேல் ஷூமேக்கர், அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஃபெராரி ரசிகர்களின் சொந்த மண் அது. அவர் ஜெயித்த சந்தோஷமும் இனி ஓட்டமாட்டார் என்ற துக்கமும் அவர்களுக்கு ஒரே பிற்பகலில் வந்து சேர்ந்தன. அழுவதற்கு அவர்களுக்கு ஆறு வாரம் கிடைத்தது. அக்டோபர் 22-ல் பிரேசிலில் கடைசிப் பந்தயம். புறப்படும் முன்பு கால்பந்து மன்னர் பீலேயே வந்து நினைவுப் பரிசு கொடுத்து வழியனுப்பினார்.

மனம் கேட்காமல் 2010-ல் திரும்பி வந்தார் ஷூமேக்கர். இந்தமுறை மெர்சிடிஸ் கார். பழைய ஜோரில் ஜெயிக்க முடியவில்லை. 2012 நவம்பர் 25 அன்று, அதே பிரேசில் மைதானத்தில் இரண்டாவது முறையாக, நிரந்தரமாக விடைபெற்றார். 7 முறை உலக சாம்பியன், 91 வெற்றிகள்.

அந்த மழை நாள் பந்தயம் வேறொன்றுக்காகவும் நினைவில் நிற்கிறது. முதல் சுற்றிலேயே இடிபட்டு, எதிர்த்திசை பார்த்து நின்ற செபாஸ்டியன் வெட்டல், அங்கிருந்து ஒவ்வொரு காராக முந்தி 6-வதாக முடித்து, 3 புள்ளிகள் வித்தியாசத்தில் மூன்றாவது முறையாக உலக சாம்பியன் ஆனார். கடைசிச் சுற்றுகளில் வெட்டலுக்கு வழிவிட்டுப் பின்னால் வந்தவர், வெட்டல் சிறுவயதில் பார்த்து வளர்ந்த அதே ஷூமேக்கர். 7-வது இடம்.

சரி, 18-வது இடம் யாருக்கு? கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கு.

அதுதான் நரேன் ஓட்டிய கடைசி ஃபார்முலா 1 பந்தயம். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. பணமில்லாமல் தள்ளாடிய எச்.ஆர்.டி அணியின் மெதுவான காரை, முன்னணியைவிட 2 சுற்று பின்தங்கி, விபத்தில்லாமல் கொண்டுவந்து சேர்த்தார். சில நாள்களில் அடுத்த ஆண்டுக்கான அணிகளின் பட்டியல் வந்தது. அதில் அந்த அணியே இல்லை. ஒருபக்கம் ஷூமேக்கரைப் பார்த்து உலகம் கண்ணீர் விட்டது. அதே மைதானத்தில், அதே நாளில், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் யாருக்கும் கையசைக்காமல் இறங்கிப் போனார். அவருக்குப் பிறகு இன்றுவரை ஓர் இந்தியரும் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டவில்லை.

நம்மூர் ரசிகனுக்கு வலித்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால், வலிக்க நேரமே கொடுக்கப்படவில்லை. 2005 மார்ச்சில் மெல்பர்னில் மஞ்சள் நிற ஜோர்டான் காரில் நரேன் முதன்முதலாகப் புறப்பட்டபோது, அந்தப் பந்தயத்தின் விதிகூடத் தெரியாத வீடுகளில் டி.வி-யைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில் 4-ம் இடம். டயர் தகராறில் 14 கார்கள் விலக, 6 கார்கள் மட்டுமே ஓடிய விசித்திரப் பந்தயம் அது. 'ஆறில் நாலுதானே' என்று கேலி பேசியவர்களும் உண்டு. இருக்கட்டும், அந்த 5 புள்ளிகளைப் பெற்ற இந்திய ஓட்டுநர் அவர் ஒருவர்தான்.

நரேன் அதோடு ஓயவும் இல்லை. ஜப்பானுக்குப் போய் வருடக்கணக்கில் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபியூஜி மைதானத்தில், ஜப்பானிய சூப்பர் ஜி.டி கார்களும் ஜெர்மானிய டி.டி.எம் கார்களும் மோதிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42. அந்த வெற்றியைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் பார்த்தோம்?

வெட்டலின் கதை வேறு. டெல்லிக்கு அருகே புத் மைதானத்தில் நடந்தது மொத்தம் மூன்றே ஃபார்முலா 1 பந்தயங்கள். 2011, 2012, 2013 என மூன்றையும் ஜெயித்தவர் அவர். 2013 அக்டோபர் 27-ல் நான்காவது பட்டத்தை அங்கேயே உறுதிசெய்தபோது, விதிப்படி காரை ஓரம் கொண்டுபோய் நிறுத்தாமல், மேடைக்கு எதிரே வட்டம் வட்டமாகச் சுழற்றிப் புகை கிளப்பினார். பிறகு இறங்கி, காரின் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். அதற்கு 25,000 யூரோ அபராதம். ஆயுத பூஜைக்கு டிராக்டருக்குச் சந்தனம் வைக்கிற நமக்கு அதில் என்ன தப்பு என்று இன்றுவரை புரியவில்லை! 2022 ஜூலையில் அவர் ஓய்வை அறிவித்தபோது, இந்திய ரசிகர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கும்பிடுதான். நவம்பரில் அபுதாபியில் கடைசிப் பந்தயம். அதற்கு முன்பு சக ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு விருந்து வைத்தார்கள்.

போனவர் திரும்பி வருவதும் உண்டு. 2010-ல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2 ஓட்டிய அஜித்குமார், 53 வயதில் சொந்த அணியோடு 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். தேனி டீக்கடைகளில் 'போர்ஷே' என்ற சொல் புழங்கியது அந்த வாரத்தில்தான்.

ஒரே நாளில் எல்லோருக்கும் ஓய்வு

இனி நம் சாலைக்கு வருவோம். ஷூமேக்கர் மோன்சாவில் ஓய்வு சொன்ன அதே 2006-ல், மார்ச் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்து கிராமம் ஒன்றில், கோயில் விழாவுக்கு ரேக்ளா நடத்த அனுமதி கேட்டுப் போன மனு அது. அனுமதி கேட்கப்போன இடத்தில் ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்தே தடை விழுந்தது. மெரினா வரை போன ஜல்லிக்கட்டு வழக்கின் வேர் ஒரு மாட்டு வண்டிப் பந்தயம் என்பதை இன்றைக்குப் பலரும் மறந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே அந்தத் தீர்ப்பு மாறியது. 2009-ல் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. பிறகு 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், ஜல்லிக்கட்டுக்கோ வண்டிப் பந்தயத்துக்கோ காளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, நாடு முழுவதும்.

ஒரு சாம்பியன் ஓய்வு பெற்றால் ரசிகர்கள் அடுத்தவரைப் பார்ப்பார்கள். இங்கே எல்லாச் சாம்பியன்களுக்கும் ஒரே நாளில் ஓய்வு எழுதப்பட்டது. மாட்டின் வயதைப் பல்லை வைத்துச் சொல்வோம். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், பிறகு கடை சேர்ந்த மாடு. அதன் ஓட்டக் காலமே சில வருடங்கள்தான். 2017 ஜனவரியில் மெரினா போராட்டமும் சட்டத் திருத்தமும் வந்தபோது, இடையில் 2 வருடம் 8 மாதம் ஓடிப்போயிருந்தது. தடையின்போது உச்சத்தில் இருந்த பெரிய மாடுகளுக்கு அந்தக் காலம் திரும்பி வராது. வீட்டில் கட்டிப்போட்டுத் தீனி போட முடியாமல் விற்றவர்கள் உண்டு. விற்ற மாடு எங்கே போகும் என்று விற்றவருக்கும் தெரியும், அதன் ரசிகனுக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு தமிழகத்தின் சட்டம் செல்லும் என்றது. அதைக் கேட்க அந்த மாடுகள் இல்லை.

நீதிமன்றம் சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தார்க்குச்சி குத்துவதையும் வாலை முறுக்குவதையும் நானே பார்த்திருக்கிறேன். வெயில் ஏறிய தார்ச்சாலையில் நுரை தள்ள ஓடும் மாட்டைப் பார்க்க மனம் ஒப்பாது. ஆனால், குச்சியைத் தொடாமல், குரலாலும் கயிற்றாலும் மட்டுமே ஜோடியைச் சேர்த்துக்கொண்டு வந்த சாரதிகளையும் இதே சாலையில் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் சாம்பியன் என்றால் அவர்கள்தான். அப்படிப்பட்டவர் இறங்கிவிட்டால், அந்த வித்தையும் அவரோடு இறங்கிவிடுகிறது. கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது.

இறங்கிய சாரதி என்ன செய்வார்? ஷூமேக்கருக்கும் வெட்டலுக்கும் இருந்ததுபோல் சேமிப்பு இவருக்குக் கிடையாது. பரிசுப் பணமும் குத்துவிளக்கும் மாட்டுக்காரர் வீட்டுக்குத்தான் போகும். இவருக்கு அதில் ஒரு பங்கு, ஒரு வேட்டி துண்டு. தோட்டம் இருந்தால் திராட்சைக்கோ வாழைக்கோ தண்ணீர் பாய்ச்சுவார். இல்லாவிட்டால் கூலி வேலை. விடியற்காலையில் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு ஜீப் ஒருநாள் டீக்கடை முன்பு நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கியதும் பெஞ்சில் இருந்த இரண்டு பெரியவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் முன்னாள் சாரதி. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் செல்போனில் பழைய பந்தய வீடியோவை எடுத்து, "அண்ணே, இது நீங்கதானே?" என்று நீட்டினான். அவர் பார்த்துவிட்டு, மாட்டின் பெயரைச் சொன்னார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டுக்கு மட்டும் மரியாதை ஒருநாள் வந்தே தீரும். பந்தய மாடோ ஜல்லிக்கட்டு மாடோ செத்துப்போனால், மஞ்சள் தெளித்து, மாலை போட்டு, கொட்டு அடித்துப் புதைப்பார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று ஃபிளெக்ஸ் வைப்பார்கள். ஜெயித்த ஊர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கும்.

கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவம் இருக்கிறது. சாரதியாக வந்த அதே கண்ணன்தான் இங்கே மாட்டுக்காரன். மாட்டுப் பொங்கலன்று சுற்று வட்டாரமே அங்கே திரண்டு, நேர்த்திக்கடனாகக் கன்றுகளை விட்டுவிட்டு வரும். அந்த மந்தைக்கு ஒரு ராஜா உண்டு, பட்டத்துக் காளை. அதற்கு வேலையும் கிடையாது, பந்தயமும் கிடையாது. அது செத்தால், அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று 1906-ல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரே எழுதி வைத்திருக்கிறது. மந்தை மொத்தத்தையும் கூட்டி, சூடம் காட்டி, ஒரு கட்டுக் கரும்பை முன்னால் வைப்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பைத் தொடுகிறதோ, அதுதான் புது ராஜா. எல்லோரும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பார்கள்.