பனிக்காலத்து வெந்நீரும் வீட்டு முதலுதவிப் பெட்டியும்



கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கினால் நம் வீடுகளில் இரண்டு வேலைகள் கூடிவிடும். ஃபஜ்ருக்கு முன்பே உளூவுக்கும் குளிப்புக்கும் வெந்நீர் வைப்பது ஒன்று. இரவில் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் சூடு காட்டுவது மற்றொன்று. நம் பக்கத்துக் குளிர் யாருடைய விரலையும் உறைய வைப்பதில்லை. குளிரைப் போக்க நாம் செய்யும் காரியங்களில்தான் காயம் வருகிறது. இந்த மாதங்களில் மருத்துவ உதவி கேட்டு டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் வெந்நீர்ப் புண்ணும், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும் இல்லாமல் போவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் வெந்நீர். குளியலறை வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் வெந்நீரைக் கலக்குங்கள். கொதிநீரை ஊற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த நேரத்தில்தான், தத்தித் தத்தி நடக்கும் பிள்ளை வாளியில் கை விடுகிறது. பிள்ளைகளின் தோல் மெல்லியது. பெரியவர் பொறுக்கும் சூடுகூட அவர்களைச் சுட்டுவிடும். வாளிக்குள் ஹீட்டர் ராடு போடுகிறவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். ‘சூடாகிவிட்டதா’ என்று விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் உயிரைப் பறிக்கும். இரும்பு, அலுமினிய வாளிகளில் ராடு போடவே வேண்டாம்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது? குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து. பிள்ளை அழுகிறது என்று இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். தோலின் உள்ளே இருக்கும் சூடு அதற்குள் இறங்காது. சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் ஓடட்டும், உடம்பின் மற்ற பகுதி போர்த்தியிருக்கட்டும். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கயிறு ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, பேனா மை, தோசை மாவு, காப்பித்தூள், மஞ்சள், ஐஸ் கட்டி எதுவும் கூடாது. மருத்துவர் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், வலி பிள்ளைக்குத்தான். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்திக் கொண்டு போங்கள். முகம், கை, மூட்டு, மறைவிடம் சுட்டிருந்தாலும், புண் அடிபட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

சர்க்கரை நோயுள்ள வாப்பாமார், உம்மாமார் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். கால் குளிர்கிறது என்று வெந்நீரில் வைப்பார்கள், அல்லது வெந்நீர்ப் பையைப் பாதத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிவிடுவார்கள். சுடுவது தெரியாது. காலையில் கொப்புளம், பத்து நாளில் சீழ், பிறகு விரலை எடுக்கலாமா என்ற பேச்சு. அவர்களுக்குப் பருத்திக் காலுறை போதும். தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்லட்டும். பனியில் வெடிக்கும் குதிகாலுக்குத் தினமும் இரவு வாஸலைனோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்; ஈரம் தங்கிப் புண்ணாகும். உளூச் செய்த பின் அந்த இடுக்குகளைத் துடைத்து உலர்த்துவதும் முக்கியம்.

கட்டுப் போட்ட காயத்தை நனைத்து நனைத்து உளூச் செய்து புண்ணைப் பெரிதாக்கிக் கொள்கிறவர்களைப் பார்க்கிறோம். மார்க்கம் இந்தச் சிரமத்தைக் கேட்கவில்லை. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் கடுங்குளிர் இரவொன்றில், குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களே தவிரக் கண்டிக்கவில்லை என்று அபூதாவூத் நூலில் வருகிறது. கட்டின் மேல் மஸஹ் செய்வதா, தயம்முமும் சேர்த்துச் செய்வதா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை விட்டும் முற்றத்திலும் ஹவுளு ஓரத்திலும் பாசி இருக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஃபஜ்ருக்கு எழும் முதியவருக்கு இரவு விளக்கும் ரப்பர் செருப்பும் அவசியம். விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிவு என்றே கொள்ளுங்கள். தூக்கி உட்கார வைப்பது, எண்ணெய் போட்டு நீவுவது இரண்டும் ஆகாது. கிடந்தபடியே போர்த்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் கதவு, சன்னலை அடைத்துக் கரி நெருப்பு வைப்பது இன்னும் சில தெருக்களில் நடக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடுவார்கள். குழந்தைக்குச் சாம்பிராணிப் புகையும் மூச்சிரைப்பைத்தான் தரும். தாயின் நெஞ்சோடு அணைத்துப் போர்த்தினாலே குழந்தைக்குச் சூடு கிடைக்கும்.

இனி பெட்டி. விலை கொடுத்து வாங்க வேண்டாம், மூடியுள்ள பழைய பிஸ்கட் டின் போதும். காஸ் துணி, சுருள் கட்டுத்துணி இரண்டு, ஒட்டும் பிளாஸ்டர், கத்தரிக்கோல், போவிடோன் அயோடின் களிம்பு, தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, டார்ச். காயத்தின் மேல் நேரடியாகப் பஞ்சு வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும், காஸ்தான் வேண்டும். துவைத்து வெயிலில் காயவைத்த பழைய தாவணி ஒன்றையும் மடித்து வையுங்கள். கை முறிந்தால் தொட்டில் கட்டலாம், புண்ணைப் போர்த்தலாம். குளியலறையில் வைத்தால் ஈரம் ஏறும். பிள்ளைகளுக்கு எட்டாத, பெரியவர்களுக்கு இருட்டிலும் கை போகிற அலமாரியில் இருக்கட்டும். மூடியின் உள்பக்கம் 108, பக்கத்து ஆட்டோக்காரர் எண், வீட்டிலுள்ளவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் ஆகியவற்றை ஒட்டுங்கள். ரமளானுக்கு முன் ஒருமுறை, மழைக்கு முன் ஒருமுறை காலாவதித் தேதியைப் பாருங்கள்.

காஸும் கட்டுத்துணியும் வாங்க வசதியில்லாத குடும்பத்தார் அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். டின் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.