முக்கூர்த்தி: படகு இல்லாத ஏரி

ஊட்டியின் கூட்டம் எட்டாத மலை உச்சியில் ஒரு நீர்த்தேக்கம். அதைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு ஆபத்து வந்திருப்பது சுற்றுலாப் பயணிகளால் அல்ல.

ஊட்டி ஏரியில் படகுக்காக வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு, சுமார் 40 கி.மீ. தொலைவில் இன்னொரு ஏரி இருப்பது தெரியாது. நீலகிரியின் மேற்கு விளிம்பில், 2,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில், முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் மடியில் அது கிடக்கிறது. இங்கே ஓட்டல் இல்லை, படகு இல்லை. வனத்துறை அனுமதியின்றி நுழையவும் முடியாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பனிமூட்டம் எதிர்க்கரையையே மறைத்துவிடும்.

ஏரி இயற்கையானதல்ல. 1938இல் கட்டி முடித்த அணையின் தேக்கம். இந்த நீர் பைக்காரா வழியாக இறங்கி, சிங்காரா மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. மும்பை அணுசக்தி நகர்த் தமிழர்களுக்கு முக்கூர்த்தி புதிய பெயராக இருக்கலாம்; சிங்காரா அப்படியல்ல. நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு விஞ்ஞானிகள் முதலில் தேர்ந்தெடுத்த இடம் அது. முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியிருப்பதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

தோடர்களுக்கு 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்தி சிகரம் மறுஉலகின் வாசல். இறந்தவர்களின் ஆவியும் எருமைகளின் ஆவியும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. வரையாட்டுக்கோ அந்தச் சரிவுகள்தான் வீடு. 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் இந்த 78.46 சதுர கி.மீ. நிலம் அறிவிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே அதுதான். 2024 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள வரையாடுகள் 1,031.

மலையின் நீர்த்தொட்டி உண்மையில் அணை அல்ல, புல்லும் சோலையும்தான். மழையை வாங்கி, கோடையிலும் ஓடையாகக் கசியவிடுபவை அவை. அந்தப் புல்வெளியைத்தான் சீகை மரம் விழுங்கி வருகிறது. ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம் இது. சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காக அரசே பெருமளவில் நட்டது. சீகை பரவும் இடத்தில் புல் மறைகிறது, வரையாட்டின் மேய்ச்சல் சுருங்குகிறது.

மரத்தை வெட்டினால் வேலை முடிவதில்லை. விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். வெயில் பட்டதும் முளைக்கும். ஆண்டுதோறும் ஆட்கள் போய் நாற்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். அதற்கான கூலியை ஒரு வருடம் நிறுத்தினாலும் சீகை மீண்டும் தலைதூக்கிவிடும்.