விளக்கக் குறிப்பை எங்கே வைப்பது? திறந்த மூல மென்பொருளும் அதன் ஆவணமும்



கணினிக் கழக மாணவர்கள் ஒரு சிறு மென்பொருளை எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் வெளியிடுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். நிரல் தயார். அதை எப்படி நிறுவுவது, எப்படி இயக்குவது என்று சொல்லும் ஆவணத்தை எங்கே வைப்பது? ‘எங்க வச்சா என்ன?’ என்று தோன்றலாம். ஆனால், இடம் பொருந்தாவிட்டால் ஆவணம் சீக்கிரம் பழசாகிவிடும்.

பைத்தான் மொழியையே பாருங்கள். பைத்தான் 2-இல் ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3-இல் அது கட்டாயம். பழைய குறிப்பைப் பார்த்து எழுதும் மாணவருக்குப் பிழைச் செய்திதான் வரும். தப்பு மாணவர்மேல் இல்லை. அது எந்தப் பதிப்புக்குரிய குறிப்பு என்று தெரியாததுதான் சிக்கல்.

ஆவணத்தை வைக்க மூன்று வழிகள் உண்டு.

1. நிரலோடு சேர்த்து வைப்பது
பைத்தான் குழுவினர் இதைத்தான் செய்கிறார்கள். நிரல் உள்ள அதே களஞ்சியத்தில், ‘டாக்’ என்ற கோப்புறையில் ஆவணமும் இருக்கிறது. நிரலை மாற்றுபவர் விளக்கத்தையும் கையோடு மாற்றி அனுப்பலாம். சரிபார்ப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். பதிப்புக்குப் பதிப்பு ஆவணமும் தனித்தனியே நிற்கும். ஆனால், கிட் பழக்கமில்லாதவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவும் தயங்குவார்.

2. விக்கியில் வைப்பது
கிட்ஹப் தளத்தில் விக்கி வசதி உண்டு. உலாவியிலேயே எழுதிச் சேமிக்கலாம்; ரொம்பச் சுலபம். ஆனால், அது நிரலிலிருந்து பிரிந்த தனிக் களஞ்சியம். நிரல் மாறும்போது யாராவது நினைவாக விக்கியையும் மாற்ற வேண்டும். மறந்தால் போச்சு!

3. ஆவணத்துக்கெனத் தனிக் களஞ்சியம்
பிஎச்பி மொழியின் கையேடு இப்படி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒன்று, மற்ற மொழிகளுக்குத் தனித்தனியே ஒன்று. மொழிபெயர்ப்பாளர் நிரலைத் தொடாமலே வேலை செய்யலாம். அதற்கு ஈடாக, எந்தப் பதிப்பில் எது மாறியது என்பதைக் கையேட்டில் அட்டவணையாகக் குறித்துவர வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எதைத் தேர்வது? ‘யார் எழுதப் போகிறார்?’ என்று முதலில் கேளுங்கள். நிரல் எழுதுபவரே ஆவணமும் எழுதுவார் என்றால் முதல் வழி நல்லது. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இருந்தால் மூன்றாவது. அடிக்கடி மாறாத அனுபவக் குறிப்புகளுக்கு விக்கி போதும். பள்ளி அளவிலான திட்டத்துக்கு முதல் வழியே என் பரிந்துரை. ஒரு ‘ரீட்மீ’ கோப்பில் தொடங்கினாலே போதும்.

எந்த வழியானாலும், ஒரே விளக்கத்தை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். ஓரிடத்தில் எழுதி, மற்ற இடத்தில் இணைப்பு மட்டும் கொடுங்கள். இரண்டு இடத்தில் எழுதினால், ஒன்று திருந்தும், மற்றொன்று அப்படியே கிடக்கும். படிப்பவர் எதை நம்புவார்?

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: களஞ்சியம், பதிப்பு, நிரல், ஆவணம் ஆகிய நான்கு சொற்களையும் பயன்படுத்தி, உங்கள் கழகத் திட்டத்துக்கு ஏற்ற வழி எது என்பதைக் காரணத்தோடு ஒரு பத்தியில் எழுதுங்கள்.