மெட்டல் டிடெக்டர் சத்தம் போட்டால் என்ன செய்யணும்?

மெட்டல் டிடெக்டர் வாங்கி, பழைய நாணயம் தேடிப் போகும் ஆர்வம் உங்களுக்கும் இருக்கா? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இருப்பவர்கள் முதலில் இதைத் தெரிஞ்சுக்கணும்.

ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. கல்லுக்கு டிடெக்டர் சத்தம் போடாது. நாணயத்துக்காகத் தோண்டினால் பக்கத்தில் இருக்கும் கல், பானை ஓடு, மண்ணடுக்கு எல்லாம் கலைஞ்சுடும். அதன்பின் அந்த இடத்தின் காலத்தைக் கணிப்பதே கஷ்டம்.

சட்டம் என்ன சொல்லுது? 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கணும். என்ன பொருள், தோராய மதிப்பு, கிடைத்த இடம், தேதி ஆகியவற்றைக் குறிப்பிடணும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். உங்கள் பங்கும் அரசுக்குப் போயிடும்.

‘கொடுத்தா நமக்கு என்ன மிஞ்சும்?’ உரிமையாளர் யாரும் இல்லைன்னு முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும்.

அஸ்திவாரம் தோண்டும்போது ஜேசிபி வாளியில் காசுப் பானை வந்தாலும் இதே சட்டம்தான். வேலையை நிறுத்துங்க. கழுவாம, தேய்க்காம, செல்போனில் படமும் லொகேஷனும் எடுத்து வையுங்க. உடனே காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்க.