கீழ்முதுகு மூட்டு ஊசி: மறுநாள் வலி திரும்பினால்

நடவிலும் கரும்பு வெட்டிலும் பல்லாண்டுகள் குனிந்து உழைத்த முகையூர்ப் பகுதி மக்கள் பலர் கீழ்முதுகு வலியுடன் எங்களிடம் வருகின்றனர். முதுகெலும்பின் பின்புறமுள்ள சிறு மூட்டுகளின் தேய்மானம் இவ்வலிக்கு ஒரு காரணம். மாத்திரையும் உடற்பயிற்சியும் போதிய பயன் தராதபோது அம்மூட்டுகளில் ஊசி போடப் பரிந்துரைக்கிறோம்.

எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் செலுத்துகிறோம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். ஊசியில் இரு மருந்துகள் உள்ளன. மரப்பு மருந்து விரைவில் வலியைத் தணித்து, சில மணி நேரத்தில் விலகிவிடும். ஸ்டீராய்டு மருந்து பலன் தரச் சில நாள்கள், சிலருக்கு ஒரு வாரத்திற்கு மேலும் ஆகும். எனவே மறுநாள் வலி திரும்பினால் ஊசி வீணாயிற்று என எண்ண வேண்டாம். முதல் சில மணி நேரத்தில் வலி எவ்வளவு குறைந்தது என்பதைக் குறித்து வைத்து எங்களிடம் கூறுங்கள். வலி அம்மூட்டிலிருந்துதான் எழுகிறதா என்பதை அறிய அக்குறிப்பு உதவும். சற்றும் குறையாவிடில் வேறு காரணத்தை ஆராய்வோம்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை அளவு உயரலாம். பரிசோதித்து வருவது அவசியம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்போரும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. கால் சிறிது நேரம் மரத்துப்போகக்கூடும் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். அன்று இருசக்கர வாகனம் ஓட்டாதீர்கள். காய்ச்சலோ, கால் தளர்ச்சியோ, சிறுநீர் கழிக்க இயலாமையோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இவ்வூசி தேய்மானத்தைச் சரிசெய்யாது. பலன் கிட்டுவோர்க்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வலி தணிந்திருக்கும். அக்காலத்தில் பயிற்சிகளைத் தவறாது செய்து முதுகுத் தசைகளை வலுப்படுத்துவதே நீடித்த நன்மை தரும்.