டிசம்பர் குல்மார்க்கில் சறுக்க முடியுமா?

பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருகிறது. அவிநாசிபாளையத்திலிருந்து பிள்ளைகளோடு காஷ்மீர் போய், குல்மார்க்கில் பனிச்சறுக்கு ஆடிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்குத் தோதான நேரம் அதுதான். குல்மார்க் சரிவுகளுக்குத்தான் அது தோதுப்படுவதில்லை.

காஷ்மீரில் கடுங்குளிரின் 40 நாட்களை 'சில்லை கலான்' என்பார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கி ஜனவரி கடைசியில் முடியும். விழுந்த பனி உருகாமல் தரையில் இறுகுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். நம் விடுமுறையோ அதன் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

அந்தப் பனியும் கேட்ட தேதிக்கு விழுவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றுச் சுழற்சிகள்தான் இமயத்தில் பனியைக் கொட்டுகின்றன. அவை வலுவிழந்தாலும் திசை மாறினாலும் மலை வெறிச்சோடும். 2024 ஜனவரியில், சீசன் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், குல்மார்க் காய்ந்த புல்லோடு கிடந்தது. 2025-ல் பிப்ரவரி 22-ம் தேதி அங்கே தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டி, பனி போதாமல் மார்ச் 9-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. பிப்ரவரிக்கே இந்தக் கதி.

பனி விழுந்துவிட்டால் மட்டும் போதுமா? போட்டோ எடுக்க நாலு அங்குலம் தாராளம். சறுக்க அது ஆகாது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். மிதித்தால் அமுங்கி, அடியிலுள்ள கல்லும் வேரும் பலகையில் இடிக்கும். பல தடவை விழுந்து, அமுங்கி, இறுகிய ஒரு அடித்தளம் வேண்டும்.

இதில் உயரமும் சேர்ந்துகொள்கிறது. குல்மார்க்கின் அடிவாரப் புல்வெளி சுமார் 2,650 மீட்டர். ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உயரம். ரோப் காரில் இரண்டாம் கட்டம் வரை போனால் அஃபர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர். குளிர் அங்கே அதிகம் என்பதால் பனி முதலில் சேர்வதும் அங்கேதான். ஆனால் அது கைதேர்ந்தவர்களின் இடம். பழகுபவர்களுக்கான சரிவு கீழே இருக்கிறது. அடித்தளம் கடைசியாகச் சேர்வதும் அங்கேதான். டூர் விளம்பரங்கள் மேலே எடுத்த படத்தைப் போட்டுக் கீழே கூட்டிப்போகும். அதைக் கவனிக்க வேண்டும்.

சீசன் தொடக்கத்தின் மெல்லிய பனிக்கு இன்னொரு குணமும் உண்டு. அடியில் தரையின் வெப்பம், மேலே உறைய வைக்கும் காற்று. நடுவில் நீராவி நகர்ந்து, பனித்துகள்கள் சர்க்கரை போல ஒட்டாமல் உதிரியாகிவிடும். பிறகு அதன்மேல் கனத்த பனி விழுந்தால் மொத்தமாகச் சரியக்கூடும். வறண்ட ஜனவரிக்குப் பின் பனி கொட்டிய 2024 பிப்ரவரி 22 அன்று, குல்மார்க் மேல்சரிவில் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். ரோந்துப் பணியாளர்கள் மூடிய சரிவுக்குள் யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.

உடை விஷயத்தில் பனியன் தைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: பருத்தி உள்ளாடை அங்கே உதவாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பைச் சில்லிட வைக்கும். தோலை ஒட்டிப் போடுவது கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும்.

சறுக்குவதே நோக்கம் என்றால் ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். பனியன் கம்பெனிகள் அடைத்திருக்கும் பொங்கல் விடுமுறை டிசம்பரைவிடப் பரவாயில்லை. 2024 போன்ற வருடம் என்றால் அதுவும் ஏமாற்றும். முன்பணம் கட்டுமுன், தேதி மாற்ற முடியுமா என்று கேளுங்கள்; கிளம்புமுன், அடிவாரச் சரிவை அன்றைக்கே எடுத்த வீடியோவை ஓட்டல்காரரிடம் வாங்கிப் பாருங்கள். டிசம்பரை விட்டால் வழியில்லை என்றால், பனி பார்க்கப் போகிறோம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.